மங்கலாக இருக்க வேண்டிய முகம்

வாக்குமூலம் கொடுப்பவர்: மணமகளின் தாய்மாமன். அடையாள அட்டையில் உள்ள பெயர் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. ஊரில் அழைக்கும் பெயர் அண்டப்புளுகர்.

வயது: ஐம்பத்தேழு.

தொழில்: கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்திக் கொடுத்தல்.

விலாசம்: சலவைக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் உள்ள கடை. வீடு அதன் பின்கட்டு.

நான் மேற்படி விலாசத்தில் முப்பத்தோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். தொடங்கும் முன்பு ஒன்றை மட்டும் தெளிவாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், இது சத்தியம். எழுதுகிற காவலர் நம்ப மாட்டார், உள்ளே இருக்கும் ஆய்வாளர் நம்ப மாட்டார், மேசைமேல் இருக்கிற மின்விசிறி இப்போதே நம்பாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. எழுதுகிற காவலர், "நம்புறதா வேணாமான்னு நாங்க பாத்துக்குறோம், நீங்க நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன்.

என்மேல் புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை முறை. அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்க இருபத்தெட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறார், வீட்டில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கப் போனவர் சோப்பு உறையில் சந்திப்பிழை கண்டுபிடித்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது எனக்குத் தெரியும். என் அப்பா காலமானபோது வந்த இரங்கல் கடிதங்களில் ஒற்றுப்பிழை திருத்தி, எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பியவர். அவர் இன்று இங்கே கொடுத்திருக்கும் புகார் மனுவிலேயே, இந்த நிலையத்தின் ரப்பர் முத்திரையில் ஓர் எழுத்தைச் சிவப்பில் சுழித்திருக்கிறார், பார்க்கவும். (பார்க்கப்பட்டது. சுழித்திருக்கிறார்.)

அவர் புகார் இரண்டு. அவருடைய ஒரே மகளின் கல்யாண ஆல்பத்தில் அவர் முகத்தை மட்டும் எல்லாப் படங்களிலும் வேண்டுமென்றே மங்க வைத்துக் கெடுத்துவிட்டேன் என்பது ஒன்று. ஏன் என்று கேட்டதற்கு ஆயுதத்தால் அவர் நெஞ்சில் குத்தினேன் என்பது இன்னொன்று. அவர் காட்டிய சட்டையில் இருப்பது ரத்தம் அல்ல, சிவப்பு மை. அவர் உடம்பில் ஓடுவதும் அதுதான் என்று நான் சொன்னதை எழுதுகிற காவலர் எழுத மறுத்துவிட்டார்.

"மங்க வைக்கிறதுன்னா என்ன, அழிக்கிறதா?" என்று காவலர் கேட்டதால் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இதற்கு ப்ளர் என்று பெயர். படம் என்பது கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்கென்று ஒரு நிறம் உண்டு. ப்ளர் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக் கலந்துகொள்ளும். எதுவும் அழியாது, எது யாருடைய நிறம் என்று மட்டும் சொல்ல முடியாமல் போகும். பெரிய குடும்பங்களில் நடப்பதுதான். திரையில் ஒரு சின்னக் குமிழ் உண்டு, அதை வலப்பக்கம் இழுக்க இழுக்க ஒரு புள்ளி இன்னும் தூரத்துப் புள்ளிகளிடம் எல்லாம் கடன் கேட்கப் போகும், கடைசிவரை இழுத்தால் மூக்குக்கும் காதுக்கும் வித்தியாசம் இருக்காது. முகம் எடுப்பாகத் தெரிவதற்காகப் பின்னால் நிற்கிற சுவரையும் மாமியாரையும் மங்க வைப்பது ஒரு வகை. கன்னத்தில் உள்ள பருவையும் தழும்பையும் பக்கத்துத் தோலால் பூசி மறைப்பது இன்னொரு வகை. என் கையால் இதுவரை மறைந்த பருக்களை ஓரிடத்தில் கொட்டினால் நாலு கிணறு தூர்ந்துவிடும். ஓடுகிற மாதிரி இழுக்கிற ப்ளர் உண்டு, சுழல்கிற மாதிரி சுற்றுகிற ப்ளர் உண்டு.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு மேற்படி மாப்பிள்ளை என் கடைக்கு வந்தார். என் கடையில் ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளர் தமக்கு என்ன திருத்தம் வேண்டும் என்பதைத் தம் கையாலேயே ஆர்டர் நோட்டில் எழுத வேண்டும். முன்பு ஒரு முறை வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் வழுக்கையில் முடி வைத்துவிட்டேன், அவர் கேட்டது பக்கத்தில் நின்ற அண்ணனுக்காம், அந்த அண்ணன்தம்பி இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதன் பிறகுதான் இந்த விதி. "எழுத்துல இருக்கிறதுதான் கணக்கு, வாயில சொன்னது காத்தோட போச்சு" என்று இந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மாப்பிள்ளைதான் என்பதையும் பதிவு செய்யவும்.

அவர் உட்காராமல் நின்றபடியே, "மச்சான், பொண்ணு கன்னத்துல இருக்கிற தழும்பு ஒரு படத்துலகூடத் தெரியக் கூடாது. சுத்தமாத் தூக்கிடணும்" என்றார்.

நான், "தூக்கிடலாம் மாப்பிள்ளை. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

அவர், "அவகிட்ட என்ன கேக்கிறது? பிழை இருந்தாத் திருத்தணும். அதுக்காக எழுத்துகிட்டப் போயி சம்மதம் கேப்பாங்களா?" என்றார்.

மேற்படி தழும்பு மணமகளின் இடது கண் ஓரத்திலிருந்து கன்னத்தின் நடு வரைக்கும் இருக்கும். ஒரு விரல் நீளம். நூல் பிடித்தது போல நேராக இருக்கும். ஏழு வயதில் வந்தது. படிக்கட்டில் விழுந்துவிட்டாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அதன் பிறகு மாப்பிள்ளை, "அப்புறம், என் முகம் எல்லாப் படத்துலயும் நல்லா மங்கலமா இருக்கணும்" என்றார். நான், "மங்களமாவா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "மங்களம் இல்ல மச்சான், மங்கலம். குண்டு ள இல்ல, ல. மங்களம் வடக்கேருந்து வந்தது, மங்கலம்தான் தமிழ். முப்பது வருஷமாக் கல்யாணப் படம் போடுறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று தொடங்கி, லகரம் ளகரம் ழகரம் மூன்றின் பிறப்பு வளர்ப்பு குணநலன் எல்லாவற்றையும் ஏழு மணி நேரம் விளக்கினார். (காவலர் குறுக்கிட்டுக் கேட்டதில், பத்து நிமிடம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.) விளக்கிக்கொண்டே நோட்டில் எழுதினார். எழுதிய கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே எழுதினார். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடியில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நோட்டைப் பார்த்தேன். அதில் இருந்த இரண்டு வரிகளை அப்படியே சொல்கிறேன். ஒன்று, மணமகளின் இடது கன்னத் தழும்பு எந்தப் படத்திலும் தெரியக் கூடாது. இரண்டு, மணமகளின் தந்தையின் முகம் எல்லாப் படங்களிலும் மங்கலாக இருக்க வேண்டும்.

மங்கலமாக என்ற சொல்லில் ம என்ற ஒரே ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, அதன் துணைக்காலை மட்டும் வெளியே விட்டிருந்தார். அந்தக் கால் போய் ல என்ற எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் சொன்னது போல ள போட்டு எழுதியிருந்தால் மங்களாக என்று வந்திருக்கும், அப்படி ஒரு சொல்லே இல்லாததால் ஏதோ கைதவறல் என்று எனக்குப் புரிந்திருக்கும். இவர் சுத்தத் தமிழ் எழுதியதால் சுத்தமான ஓர் உத்தரவு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் எவன் பிழையையும் விடாதவர் கையில் அவருடைய சொந்தப் பிழை கையெழுத்து, தேதி, சிவப்புக் கோட்டோடு என் நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அன்று பகல் முழுவதும் சிரித்தேன். பக்கத்துச் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி தானாக அதிர்ந்து நகர்ந்து ஏழு சட்டைகளைப் பொசுக்கியது.

மறுநாள் காலை மணமகள் தனியாகக் கடைக்கு வந்தாள். என் மருமகள். வங்கியில் வேலை. பேச்சில் அப்பாவைப் போல, வேறு எதிலும் அவரைப் போல இல்லை.

"மாமா, அப்பா வந்தாரா?" என்றாள்.

"வந்தார். இலக்கணம் எடுத்துட்டுப் போனார்."

"தழும்பைத் தூக்கச் சொன்னாரா?"

"எழுதியே குடுத்துட்டார் மருமகளே."

"தூக்குனீங்கன்னா இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டுல போடுவேன்" என்றாள். அதன் பிறகு என் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். இன்னும் என்றாள். கன்னம் மட்டும் திரை முழுக்க வரும் வரைக்கும் பெரிதாக்கினேன். அவள் திரையில் தழும்பின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரைக்கும் விரலை ஓட்டினாள்.

"மாமா, படிக்கட்டுல விழுந்தா இவ்வளவு நேரா வருமா?" என்றாள்.

நான், "அது படிக்கட்டு இல்ல கண்ணு. ஒரு புலி வந்துச்சு. உன்னைத் தூக்கிட்டு ஓடப் பாத்துச்சு. நான்தான் அதோட வாலைப் பிடிச்சு..." என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சின்ன வயசுலேருந்து புலி, இடி, விமானம்னு வருஷத்துக்கு ஒண்ணு சொல்றீங்க. அம்மாகிட்டக் கேட்டா அடுப்பைப் பாக்கப் போயிடுறாங்க. எனக்குச் சரியா ஞாபகமும் இல்ல. நீங்களும் அவங்களை மாதிரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். முக்காலியை இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். முதல் வரியில் உள்ள முகம் அதை எழுதியவருடையது அல்ல. அந்த முகத்தின் சொந்தக்காரி நேரில் வந்து வேறு உத்தரவு கொடுத்துவிட்டாள். ஆகவே அந்த வரி செல்லாது என்று தீர்மானித்து, தழும்பை ஒரு புள்ளிகூடத் தொடாமல் விட்டேன். இரண்டாம் வரியில் உள்ள முகம் எழுதியவருடைய சொந்த முகம். அவரவர் முகத்துக்கு அவரவர் உத்தரவு. ஆகவே அந்த வரியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். "அவர் மங்கலமான்னு வாயால சொன்னது உங்களுக்குத் தெரியும்ல?" என்று காவலர் கேட்டார். தெரியும். வாயில் சொன்னது காற்றோடு போயிற்று.

மொத்தம் நாற்பதாயிரம் படங்கள். (ஆல்பம் எண்ணிப் பார்க்கப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு. அதில் புகார்தாரர் இருப்பவை நூற்று முப்பத்தொன்று.) அந்த நூற்று முப்பத்தொன்றிலும் ஒரே மாதிரி ப்ளர் போட எனக்கு மனம் வரவில்லை, தொழில்காரன். வாசலில் நின்று வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த படத்தில் மழை வழிகிற கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரைப் போல மங்க வைத்தேன். பந்தியில் பரிமாறுகிறவரைத் திட்டிக்கொண்டிருந்த படத்தில் ஓடுகிற ப்ளர் போட்டேன், மூக்கு இந்த மேசையிலும் காது அடுத்த மேசையிலும் இருக்கும். மேடையில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி வாழ்த்துரையில் பிழை திருத்திய படத்தில் சுற்றுகிற ப்ளர் போட்டேன், பார்த்தவர்களுக்குத் தலை சுற்றினால் நான் பொறுப்பல்ல. குடும்பப் படத்தில் நாற்பத்தாறு பேர். நாற்பத்தைந்து முகமும் இமை மயிர் எண்ணலாம் போலத் தெளிவு. நடுவில் ஒரு சட்டை, சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா, அந்தப் பேனா மூடியில் உள்ள பல் தடம்கூடத் தெளிவு. சட்டைக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடி போல ஒன்று. அந்தப் படத்துக்கு மட்டும் குமிழைக் கடைசி வரைக்கும் இழுத்தேன், திரையின் ஓரத்தைத் தாண்டிச் சுவர் வரைக்கும் இழுத்தேன் என்றே சொல்லலாம்.

ஆல்பம் தயாரானதும் சொல்லி அனுப்பினேன். இன்று காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை, என் தங்கை, மணமகள் மூவரும் கடைக்கு வந்தார்கள். தங்கை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மணமகள் படம் வெட்டுகிற மேசையோரம் நின்றாள். மாப்பிள்ளை ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். அதன் பிறகு நேராகப் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். அவர்கள் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் அவர் படித்துக் காட்டி, பலகையில் அச்சுப்பிழை ஒன்றையும் சுட்டிக்காட்டி, கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் இதற்குச் சாட்சி.

திரும்பி வந்து மீதிப் பக்கங்களைப் புரட்டினார். "என்னடா இது?" என்றார். இத்தனை வருடத்தில் என்னை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை, சொந்தம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"நீங்க கேட்டது மாப்பிள்ளை" என்றேன்.

"என் மூஞ்சி எங்கடா?"

"அங்கதான் இருக்கு. அக்கம்பக்கத்துல கலந்துபோய் இருக்கு. எழுத்துல இருக்கிறதுதான் கணக்கு" என்று சொல்லி ஆர்டர் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தம் வரியைப் படித்தார். ஒரு முறை படித்தார், பிறகு அச்சகத்தில் செய்வது போல ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். விரல் ல என்ற எழுத்தில் வந்து நின்றுவிட்டது. அப்போது அவர் முகம் இருந்த இருப்பைப் படம் எடுக்காமல் விட்டது என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தொழில் தவறு. அதன் பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, ல எழுத்துக்கும் காலுக்கும் நடுவில், விட்டுப்போன எழுத்துக்குப் போடுகிற கூரைக் குறி போட்டு, மேலே ம என்று எழுதப் போனார்.

"எழுதிக் குடுத்த தாளை இப்பத் திருத்துறீங்களா மாப்பிள்ளை?" என்று நான் பேனாவைப் பிடித்தேன்.

"திருத்துறதுதான்டா என் தொழிலு! விடுறா!"

"நோட்டு என்னுது, விடுங்க!"

அவர் அந்த முனையிலும் நான் இந்த முனையிலும் இழுத்தோம். பேனா இரண்டாகப் பிரிந்து மை அவர் சட்டையில் பாய்ந்தது. இதுதான் அவர் சொல்கிற குத்து. என் மூக்கிலும் கொஞ்சம் பட்டது, நான் அதற்கு மனு கொடுக்கவில்லை.

அப்போது மணமகள் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். மேசையில் ஆல்பம் திறந்திருந்தது, திறந்த பக்கத்தில் அவளுடைய படம் மட்டும் பெரிதாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதையும் அப்படியே விட்டு வச்சிருக்கான். நீதான் சொல்லியிருக்க. எதுக்குடி சிரிக்கிற?" என்றார். படம் வெட்டுகிற மேசையில் நேர்கோட்டுக்காக ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பேன், இரண்டடி நீளம். அதை எடுத்துவிட்டார்.

என் தங்கை எழுந்துவிட்டாள். மடியில் இருந்த கைப்பை கீழே விழுந்தது. அவள் கை தன் இடது கன்னத்துக்குப் போனது. மகளின் கன்னத்துக்கு அல்ல, தன் கன்னத்துக்கு.

"திரும்பவுமா?" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளை ஸ்கேலைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, அதன் விளிம்பு மேசை விளிம்போடு ஒட்டி வரும்படி விரலால் தள்ளி நேராக்கினார். "படிக்கட்டுல விழுந்தவ. எல்லாருக்கும் தெரியும்" என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அதன் பிறகு ஈரச் சட்டையோடு நேராக இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறார். என் தங்கை தரையில் சிதறிய சாவி, சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். மணமகள் குனிந்து உதவவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் காவலர் வந்து என்னை அழைத்து வந்தார்.

எழுதுகிற காவலர் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "திரும்பவுமான்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். நான் அதற்குச் சொன்ன பதில்: முன்னொரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேல் கிளம்பிப் பறந்தது. ஏழு கடல் தாண்டிப் போனது. போகிற வழியில் ஒரு புலிக்கு மீசை மழித்தது, ஓர் இடியை இரண்டாக வெட்டியது, ஒரு விமானத்தின் வாலைச் சீவியது, களைத்துப்போய் மறுபடி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. எழுதுகிற காவலர் பேனாவைக் கீழே வைத்து, "யோவ் பெரிசு, இன்னும் ஒரு வார்த்தை புளுகின, உள்ள தள்ளிடுவேன்" என்றார்.

அதன் பிறகு இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். மேலே கண்டவை எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொன்னேன். எல்லாம் உண்மை என்றால் சலவைக் கடைக்காரர் ஏழு சட்டைகளைத் தேடுவார். பொசுங்கியது ஒன்று, அதுவும் அவர் கவனக்குறைவு. ம விட்டுப்போனதை நான் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறதோ அந்தத் தண்டனையைக் கொடுங்கள். புலி இல்லை, இடி இல்லை, விமானம் இல்லை.

அந்த ஸ்கேல் கதையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் என் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. குழந்தை தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் அச்சுத்தாளை மடியில் விரித்து, வரிக்கு வரி இரும்பு ஸ்கேலை நகர்த்திப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. அவ்வளவுதான். ஸ்கேல் அவர் கையிலிருந்து பறந்தது. மூன்றடி தூரம்தான் பறந்தது. என் தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் தெரு வாசலில் நின்றிருந்தேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் மருத்துவமனையில் வைத்து உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் நான் இதைச் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மீன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அவர்களிடமே சொல்லியிருந்தேன். "இதுவும் மீனு சொன்னதா?" என்று கேட்டார்கள். அவர் படிக்கட்டு என்றார். தங்கை என் கையைப் பிடித்து, "விடுங்க அண்ணே" என்றாள். விட்டுவிட்டேன். பிறகு குழந்தை வளர்ந்து கேட்கக் கேட்க நானே வருடத்துக்கு ஒரு புலியைச் சேர்த்தேன்.

இந்தக் கடைசிப் பகுதியை நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். கூட்டியது குறைத்தது இல்லை, என் சுயநினைவில் யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொன்னது. இதன் நகல் ஒன்றை மணமகளின் கையில் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் சொல்லை நம்ப முடியாது என்றால் ஒரு காவலரை அனுப்பிப் பார்க்கலாம். அப்போது அவர்கள் குடியிருந்த வீடு இன்னும் அப்படியே இருக்கிறது. ஒற்றைத் தளம். தெருவும் வாசலும் ஒரே மட்டம். அந்த வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது.

(ஒப்பம்)
மணமகளின் தாய்மாமன்